கண்ணு கருப்பா இருந்தா அபூர்வ கடற்காக்காவா? போட்டுக்காரருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி படிங்க

ரங்கூன்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "போத்தத்தாங் ஜெட்டில குளிர்காலத்துல வர்ற கடற்காக்காவ மகனோட போய் பாப்பேன். எல்லாமே ஒண்ணு மாதிரி இருக்கு. ஃபோன் ஆப் ஒரு படத்துக்கு பழுப்புத்தலைங்குது, அதே பறவையோட அடுத்த படத்துக்கு கருந்தலைங்குது. நான் எடுத்த படத்த இன்லே ஏரி போட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட காட்டினேன், கண்ணு கருப்பா இருக்கு, இது அபூர்வ ஜாதி, இன்லேல கூட்டமா காட்டுறேன், அட்வான்ஸ் போடுங்கன்னார். போடலாமா? பைனாகுலரும் வாங்கணும்."

போடாதீங்க தம்பி. இன்லேக்கு ஏரி பாக்க போங்க, தாராளமா போங்க, ஆனா அங்க போட்டு பின்னாடி தீனிக்கு பறந்து வர்றதும் உங்க ஜெட்டில பொரிக்கு அலையற அதே ஆளுங்கதான். கருப்பு கண்ணு அபூர்வமும் இல்ல ஒண்ணும் இல்ல.

ரங்கூன் ஆத்துல நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் நீங்க பாக்குறதுல பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காக்கா. திபெத், லடாக் பக்கம் மேட்டு ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு இங்க இறங்குது. கூட கொஞ்சம் கருந்தலையும் கலந்து வரும். குளிர்காலத்துல ரெண்டுக்கும் தலைல அந்த நிறம் கொட்டிடும், தலை வெள்ளையாயிடும், கண்ணுக்கு பின்னாடி மை தொட்டு வச்ச மாதிரி ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். அதனால டிசம்பர்ல தலைய பாத்துட்டு பேர் சொல்றவர் பேச்ச எடுத்துக்காதீங்க, ஆப் குழம்பறதும் பாதி இதனாலதான், ரெக்கைய மடக்கிட்டு கம்பில உக்காந்திருக்கற படத்த குடுத்தா அது பாவம் என்ன பண்ணும்.

ரெக்கை நுனிய பாருங்க. உங்க மகன ஒரு ரெண்டு துண்டு பிரெட்ட கைப்பிடி கம்பி தாண்டி தூக்கிப் போட சொல்லுங்க, காத்துக்கு எதிரா நின்ன இடத்துலயே ரெக்கை அடிச்சுக்கிட்டு உங்க கண்ணு உயரத்துல தொங்கும், அப்ப பாக்கணும். வளந்த பழுப்புத்தலைக்கு நுனி நல்லா அகலமா கருப்பு, அந்த கருப்புக்குள்ள ஜன்னல் வச்ச மாதிரி வெள்ளை புள்ளி. கண்ணு வெளிறிப்போய் மஞ்சளா இருக்கும், அதனாலயே கொஞ்சம் கோவக்கார மூஞ்சி. கருந்தலைக்கு அப்படி இல்ல, ரெக்கையோட முன் விளிம்பு நீளத்துக்கு வெள்ளைப் பட்டை, கருப்பு நுனி ஓரத்துல மட்டும் மெலிசா. கண்ணு கருப்பு. உடம்பும் கொஞ்சம் சின்னது, அலகு ஒல்லி.

இப்ப போட்டுக்காரர் பிடிச்சுக்கிட்ட விஷயத்துக்கு வர்றேன், இத நான் விலாவாரியா சொல்லியே ஆகணும், ஏன்னா ஏமாத்தறது பூரா இங்கதான் நடக்குது. முதல் குளிர்காலத்துக்கு வர்ற பழுப்புத்தலை குட்டிக்கும் கண்ணு கருப்புதான். நுனில ஜன்னல் புள்ளியும் இருக்காது. ஆக நான் மேல சொன்ன ரெண்டு அடையாளமும் காலி. இத பாத்துட்டு ஒருத்தர் கருந்தலைம்பார், இன்னொருத்தர் அபூர்வம்பார், மூணாவது ஆள் அட்வான்ஸ் கேப்பார். முதல்ல குட்டிதானான்னு பாருங்க: வால் நுனில குறுக்க கருப்பு பட்டை, ரெக்கை மேல பழுப்பு கறை, அலகும் காலும் செவப்பா இல்லாம மங்கின ஆரஞ்சு. இது மூணும் இருந்தா குட்டி. அப்புறம் கருப்பு எவ்வளவுன்னு பாருங்க. நுனி பூரா ஒரே கட்டியா கருப்பா முக்கோணமா இருந்தா பழுப்புத்தலை குட்டி, முன் விளிம்புல வெள்ளை ஓடி கருப்பு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தா கருந்தலை குட்டி. நீங்க அனுப்பின படத்துல வால் பட்டை பளிச்சுன்னு இருக்கு, நுனி கட்டிக் கருப்பு. பழுப்புத்தலை குட்டி. அடுத்த குளிருக்கு வரும்போது கண்ணு வெளிறி புள்ளியோட வந்து நிக்கும், அபூர்வம் எங்க போச்சுன்னு அப்ப போட்டுக்காரர கேளுங்க.

கூட்டத்துல ஒண்ணு மத்ததவிட ரொம்ப பெருசா, மஞ்சள் அலகுல கருப்பு பட்டையோட தெரிஞ்சா அது பல்லாஸ் கடற்காக்கா, வேற கதை, இப்போதைக்கு விடுங்க. வால் பிளந்து, ஒடம்பு ஒல்லியா தண்ணி மேல குனிஞ்சு குனிஞ்சு பறந்தா ஆலா. ஜெட்டில கடற்காக்கா, ஆலா ரெண்டையும் பர்மிய பாஷைல ஜின்யோன்னுதான் சொல்வாங்க, சண்டை போடாதீங்க.

பைனாகுலர். ஆன்லைன்லயும் பஜார்லயும் 180×100 ஜூம், கண்ணாடி செக்கச்செவேல்னு பளபளக்கும், அத வாங்கவே வாங்காதீங்க. 8×42 கேளுங்க. முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறது, ரெண்டாவது நம்பர் முன்கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. கடைக்கு மகனோட ஸ்கூல் ஸ்கேல எடுத்துட்டு போங்க. 100ன்னு அச்சடிச்சிருக்கற சாமான அளந்தா பாதி கூட வராது, கடைக்காரர் மூஞ்சிய அப்ப பாக்கணும். 180 மடங்க கைல பிடிச்சு பாக்கவும் முடியாது, கை நடுங்கற நடுக்கத்துல பறவையா படகான்னே தெரியாது. ஜெட்டில பறவை பத்து அடில பறக்குது, அங்க வெறும் கண்ணே போதும்.

பெரிய கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு ஜெட்டிக்கு போறதும் தலைவலி. ஒரு நாள் ஒருத்தர் வந்து எடுக்கக்கூடாதும்பார், மறுநாள் அதே இடத்துல இன்னொருத்தர் எடுங்கம்பார். அனுமதி சீட்டு யார் குடுப்பான்னு கேட்டு நான் ஒரு ஆபீஸ் போனா அடுத்த ஆபீஸ கை காட்டினாங்க, அங்க போனா பழைய ஆபீஸயே காட்டினாங்க, எங்கயும் எழுதி ஒட்டல. இத்தனை ஜனம் தீனி போட வர்ற எடத்துல இது என்ன பறவைன்னு ஒரு போர்டு வைக்க ஆள் இல்ல, துரத்த மட்டும் ஆள் இருக்கு. ஃபோனே போதும், மேலாப்பல பறக்கும்போது வீடியோ எடுத்துட்டு வீட்ல நிறுத்தி நிறுத்தி பாருங்க, ரெக்கை விரிஞ்ச ஒரு ஃபிரேம் கிடைச்சா போதும்.

தலைநிறத்தோட பாக்கணும்னா பிப்ரவரி கடைசி, மார்ச்ல போங்க. பழுப்புத்தலைக்கு முகம் வெளிறின பழுப்பா, கழுத்தோரம் மட்டும் கருத்து கோடு கட்டின மாதிரி ஏறும். கருந்தலைக்கு அடர் சாக்லேட். அப்ப ஆப்புக்கும் அவ்வளவா குழப்பம் வராது.

அட்வான்ஸ் ஏற்கனவே குடுத்திருந்தா, அத சாதா ஏரி சவாரிக்கு கழிச்சுக்க சொல்லுங்க. ஒத்துக்கலன்னா வேற போட்டு.