தொங்கும் பாதத்தைத் தூக்கும் கருவி, நரம்பின் சேதியை ஏன் கேட்க வேண்டும்?

செயலிழந்த தசையை, நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்து இயக்கும் கருவி நியூரோபிராஸ்தெசிஸின் (நரம்பு மண்டலத்தோடு இணைந்து இயங்கும் செயற்கைக் கருவியின்) ஒரு வகை. பக்கவாதத்தால் பாதம் தொங்கினால், நடக்கும்போது அதைத் தூக்கிவிடும். சரி, எப்போது தூக்குவது? குதிகால் தரையை விட்டு எழும் கணம் தெரியவேண்டும். செருப்புக்குள் சுவிட்ச் வைக்கலாம். வெறுங்காலில் நடந்தால் அது உதவாது.

ஆனால் பக்கவாதத்தில் சேதமாவது மூளைதான். பாதத்துத் தோலின் நரம்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது! டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் 1990களில் அந்த நரம்பைச் சுற்றி மின்முனைப் பட்டை பொருத்தி, குதிகால் தரையைத் தொடுவதைக் கண்டறிந்தார்கள். அருமையான யோசனை. சிரமம், அந்தச் சமிக்ஞை சில மைக்ரோவோல்ட்தான். பக்கத்துத் தசைகளின் மின்சமிக்ஞை பல மடங்கு பெரிது. தவில் முழங்கும் கல்யாண மண்டபத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போல.

இதனால் இழந்த தொடுவுணர்வு திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சேதி கருவிக்குத்தான் போகிறது.