பழைய கேம், புது மெஷின்: கேட்டவையும் பதில்களும்

பழைய கம்ப்யூட்டர் கேம்களை இன்றைய மெஷினில் ஓட்டுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிச் சிக்கல்களுக்குக் காரணம் ஒன்றுதான்: கேம் கெட்டுப்போகவில்லை, அது எந்த மெஷினை நம்பி எழுதப்பட்டதோ அந்த மெஷின்தான் இப்போது இல்லை. அதை அமைத்துக் கொடுத்தால் பழையபடி ஓடும்.

அண்ணா, பழைய ஹார்டு டிஸ்க்கில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ் எல்லாம் அப்படியே கிடைத்தன. விண்டோஸ் 11-ல் டபுள் கிளிக் செய்தால் இந்த ஆப் இயங்காது என்று வருகிறது. ஃபைல் போய்விட்டதா?

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவை விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்துக்கான 16 பிட் புரோகிராம்கள். 32 பிட் விண்டோஸுக்குள் என்.டி.வி.டி.எம் என்று ஒரு பகுதி இருந்து இவற்றை ஓரளவு சமாளித்துக் கொண்டிருந்தது. பிராசஸர் 64 பிட் முறையில் ஓடும்போது அந்தப் பகுதி நம்பியிருந்த வசதி கிடைக்காது, அதனால் 64 பிட் விண்டோஸில் அதை விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். கம்பாட்டிபிலிட்டி மோடில் எதை மாற்றிப் பார்த்தாலும் பயன் இல்லை, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

டாஸ்பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். 2002-லிருந்து வருகிற இலவச மென்பொருள். பழைய பிராசஸர், படம் காட்டும் வி.ஜி.ஏ கார்டு, ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது, கேமுக்கு வித்தியாசம் தெரியாது. கேமின் இ.எக்ஸ்.இ ஃபைலை டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் இழுத்துப் போட்டாலே பெரும்பாலும் ஓடிவிடும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்கிற பதிப்பை எடுங்கள், படமும் ஒலியும் கை வைக்காமலே நன்றாக அமைந்துவிடும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து எழுதிய எஸ்.டி.எல்.பாப் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது, நேராக விண்டோஸிலேயே ஓடும். 1989-ல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய கேம் அது. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்து வரைந்தார். இளவரசன் விளிம்பில் தொங்கி ஏறும்போது இன்றைக்கும் உடம்பின் கனம் தெரிகிறது என்றால் அதனால்தான்.

டாஸ்பாக்ஸில் ஒரு கார் கேம் போட்டேன், கண்ணிமைப்பதற்குள் சுவரில் மோதி முடிந்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். கண்ட்ரோலும் எஃப்11-ம் சேர்த்து அழுத்தினால் குறையும், எஃப்12-ஆக மாற்றினால் கூடும். ஆரம்பகால கேம்கள் பல, கடிகாரத்தைப் பார்க்காமல் பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும்படி எழுதப்பட்டவை. முதல் ஐ.பி.எம் பி.சியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதை மனதில் வைத்து எழுதியதை பிறகு வந்த 486 பிராசஸரில் போட்டாலே தலைதெறிக்க ஓடும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? பெயருக்கு நேர்மாறாக, மெஷினை மெதுவாக்குவதற்குத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது.

டாஸ்பாக்ஸில் இதற்கு சைக்கிள்ஸ் என்று பெயர். வழக்கமான தொடக்க எண் 3000. 386 காலத்து கேம் என்றால் 6000 பக்கம், 486 காலம் என்றால் 25,000 பக்கம் வைத்துப் பாருங்கள். கேமின் செட்டிங்ஸ் ஃபைலில் அதை எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை.

ரன்டைம் எரர் 200 என்று வந்து நின்றுவிடுகிறது என ஒருவர் கேட்டிருந்தார், அதுவும் இதே கதைதான். டர்போ பாஸ்கல் என்ற புரோகிராமிங் மென்பொருளில் எழுதிய புரோகிராம்கள் தொடங்கும்போது பிராசஸர் வேகத்தை அளந்து பார்க்கும். மெஷின் ரொம்ப வேகமாக இருந்தால் அந்தக் கணக்கின் விடை அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் புரோகிராம் விழுந்துவிடும். சைக்கிள்ஸைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சார், கேம் ஓடுகிறது, ஆனால் சத்தமே இல்லை. சிலவற்றில் பீப் பீப் என்று மட்டும் வருகிறது.

கேம் ஃபோல்டரில் செட்டப் அல்லது இன்ஸ்டால் என்று ஒரு புரோகிராம் இருக்கும், அதை டாஸ்பாக்ஸுக்குள்ளிருந்தே ஓட்டுங்கள். சவுண்ட் கார்டு எது என்று கேட்கும். சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐ.ஆர்.க்யூ 7, டி.எம்.ஏ 1 என்று கொடுங்கள், டாஸ்பாக்ஸ் அந்த எண்களில்தான் காத்திருக்கிறது. தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது கிடையாது, ஆள் சொன்னால்தான் கேமுக்குத் தெரியும்.

இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் பலர் தங்களுக்குப் பிடித்த கேமின் முழு இசையைக் கேட்டதே இல்லை. நமக்குப் பழக்கமான அந்த உலோகச் சத்தம் 1987-ல் வந்த ஆட்லிப் கார்டில் இருந்த யமஹா சிப்பின் ஓசை, பிறகு சவுண்ட் பிளாஸ்டரிலும் அதே சிப்தான். அதே 1987-ல் ரோலண்ட் எம்.டி 32 என்ற தனிப் பெட்டியும் வந்தது. விலை காரணமாக வீடுகளில் அபூர்வம். ஆனால் சியரா நிறுவனம் 1988-ல் கிங்ஸ் க்வெஸ்ட் 4-லிருந்து அதற்கும் இசை அமைத்தது. செட்டப்பில் எம்.டி 32 என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெட்டியை மென்பொருளாக நடித்துக் காட்டும் மன்ட் என்ற எமுலேட்டரோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் மன்ட் உள்ளேயே இருக்கிறது, ரோலண்ட் பெட்டியின் சிப்பில் இருந்த ரோம் ஃபைல்கள் மட்டும் தனியாக வேண்டும். பல வருடம் பழகிய கேமுக்குள் ஒரு முழு வாத்தியக் குழு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரியவரும்.

படம் அகலமாக, ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்கள். என்ன செய்ய?

டாஸ்பாக்ஸ் செட்டிங்ஸில் ஆஸ்பெக்ட் கரெக்ஷனை (அகல உயர விகிதத்தைச் சரிசெய்வது) ஆன் செய்யுங்கள். டாஸ் கேம்களில் பெரும்பாலானவை 320க்கு 200 புள்ளிகள். அது 4:3 மானிட்டரை முழுவதும் நிரப்பியது, அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் சற்று அதிகம். இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம் என்பதால் எல்லாம் நசுங்கித் தெரிகிறது. 1600க்கு 1200 அளவில் வைத்தால் குறுக்கே 5 மடங்கு, நெடுக்கே 6 மடங்கு என்று துல்லியமாகப் பொருந்தும், ஓரங்கள் மங்காது. 16:9 திரை முழுக்க இழுத்து நிரப்புவது மட்டும் வேண்டாம், வரைந்தவர் நினைத்த உருவமே மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

பழைய குழாய் மானிட்டரின் தோற்றத்தைக் கொடுக்கும் சி.ஆர்.டி ஷேடர் தேவையா என்றும் கேட்டிருக்கிறார்கள். என் பதில் ஆம். அந்தப் படங்கள் குழாய் மானிட்டரில் பார்த்துக்கொண்டே வரையப்பட்டவை, வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும் என்பதை ஓவியர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பழைய சி.டி இருக்கிறது. தண்ணீர் ஊதா நிறத்திலும் புல் சிவப்பாகவும் வருகிறது. வேறு சில சி.டி கேம்கள் இன்ஸ்டாலே ஆகவில்லை. இதற்கும் டாஸ்பாக்ஸ்தானா ப்ரோ?

இல்லை, இவை விண்டோஸ் 95, 98 காலத்தவை, வழி வேறு.

நிறப் பிரச்சினைக்குக் காரணம், அந்த கேம்கள் 256 நிறங்கள் கொண்ட ஒரு வண்ணத் தட்டை வைத்துக்கொண்டு வேலை செய்தன. பிற்கால விண்டோஸில் டெஸ்க்டாப்பும் அதே தட்டில் கை வைப்பதால் நிறங்கள் இடம் மாறிவிடுகின்றன. சி.என்.சி டிடிரா என்று ஓர் இலவச ஃபைல் தொகுப்பு இருக்கிறது, அதை கேம் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால் பல கேம்களுக்குச் சரியாகிவிடும். முப்பரிமாண கேம் என்றால் டிஜிவூடூ 2 பாருங்கள், பழைய 3டிஎஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டைக் கேட்கிற கேம்களைக்கூட அது ஓட்டும். டைரக்ட்பிளே இல்லை என்று செய்தி வந்தால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகஸி காம்போனன்ட்ஸ் என்பதற்குக் கீழே ஆன் செய்துகொள்ளலாம்.

இன்ஸ்டால் ஆகாததற்குப் பல காரணங்கள். கேம் 32 பிட்டாக இருந்தும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும், இது ரொம்ப சகஜம். ஹார்டு டிஸ்க்கில் இடமே இல்லை என்று சில சொல்லும், உண்மையில் இடம் அது எண்ணத் தெரிந்த அளவைத் தாண்டிவிட்டது. அப்புறம், சி.டியைக் காப்பி எடுக்க விடாத சேஃப்டிஸ்க் பூட்டு. அதற்கு வேண்டிய டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது, எனவே காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டியே ஓடாது. வாங்கியவருக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். பூட்டு இல்லாத பதிப்பு, கேம்களை விற்கும் ஜி.ஓ.ஜி தளத்தில் விற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சி.டியை இமேஜாக, அதாவது முழு வட்டையும் ஃபைலாக, காப்பி எடுக்கிறவர்கள் கவனிக்க: பல கேம்களின் இசை, ஆடியோ சி.டி போலத் தனி டிராக்குகளாக இருக்கும். ஐ.எஸ்.ஓவாக எடுத்தால் அவை வராது, கேம் ஊமையாக ஓடும். பின் (BIN), க்யூ (CUE) என்று இரண்டு ஃபைல்களாக எடுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்.பியில் இருந்த பின்பால் ஏன் காணாமல் போனது?

ஃபுல் டில்ட் பின்பால் என்ற 1995 கேமின் ஒரு மேசைதான் எக்ஸ்.பியில் இருந்த ஸ்பேஸ் கேடட். விஸ்டாவில் அதை விட்டுவிட்டார்கள். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து பொருள்களில் மோதாமல் ஊடுருவிப் போனது என்றும், வெளியார் எழுதிய கோடில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் மைக்ரோசாஃப்டில் அதைப் பார்த்த ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ஆனால் 2021-ல் ஆர்வலர் ஒருவர் கோடை மீட்டெடுத்து ஸ்பேஸ் கேடட் பின்பால் என்ற பெயரிலேயே வெளியிட்டார், எக்ஸ்.பியின் பழைய ஃபைல்கள் கையில் இருந்தால் 64 பிட்டிலும் ஓடும்.

அபாண்டன்வேர், அதாவது கைவிடப்பட்ட மென்பொருள், என்று போட்டிருக்கும் தளங்களில் இறக்குவது தப்பா?

சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. விற்பனை நின்றுபோனாலும் பதிப்புரிமை இருந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் உரிமையாளர்களே இலவசமாகக் கொடுத்தவை நிறைய இருக்கின்றன, அதிலேயே பல மாதம் ஓட்டலாம். பினீத் எ ஸ்டீல் ஸ்கை, ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குவீன் இரண்டும், பழைய சாகச கேம்களை ஓட்டும் இலவச மென்பொருளான ஸ்கம் வி.எம்மின் தளத்திலேயே கிடைக்கும். டிரான்ஸ்போர்ட் டைகூனை அடியொற்றி எழுதிய ஓப்பன் டி.டி.டி முழு இலவசம். மற்றவற்றுக்கு, விற்பனையில் இருந்தால் வாங்கிவிடுங்கள் என்பதே என் நிலைப்பாடு. விற்றால்தான் அடுத்த பழைய கேமை யாராவது தூசி தட்டி எடுப்பார்கள்.

மேக், லினக்ஸ், ஃபோன்?

டாஸ்பாக்ஸும் ஸ்கம் வி.எம்மும் மேக், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். மேக்கில் 2019-ல் வந்த கேடலினாவிலிருந்து 32 பிட் ஆப்கள் கிடையாது. லினக்ஸில், விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் மூலம் 16 பிட் விண்டோஸ் புரோகிராமைக்கூட ஓட்டலாம், விண்டோஸ் 11-ஆல் நேராக முடியாத வேலை இது. ஃபோனுக்கு ஸ்கம் வி.எம் அருமை, சுட்டிக் காட்டி விளையாடும் சாகச கேம்கள் தொடுதிரைக்கென்றே எழுதியது போல இருக்கும்.

அப்பாவின் பெட்டியில் முப்பது நாற்பது பிளாப்பிகள் இருக்கின்றன. அவசரம் இல்லையே?

அவசரம்தான். இந்த வாரமே செய்யுங்கள். காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் பலவீனமாகிறது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வட்டில் வெள்ளையாக எதாவது படிந்திருந்தால் டிரைவில் போடாதீர்கள், டிரைவின் தலையும் கெடும், வட்டும் கீறும். சாதாரண 1.44 எம்.பி பிளாப்பிகளுக்கு யு.எஸ்.பி டிரைவ் போதும். முதலில் ரைட் ப்ரொடெக்ட் துளையைத் திறந்து வைத்துவிட்டு முழு வட்டையும் இமேஜாக எடுங்கள். காப்பி பூட்டு போட்டவை, பெரிய 5.25 அங்குல வட்டுகள் என்றால் கிரீஸ்வீசல் என்ற சிறிய போர்டும் பழைய டிரைவும் வேண்டும். வீட்டில் எரித்த சி.டிகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், கடையில் வாங்கிய சி.டியைவிட அவை சீக்கிரம் போகும்.

ஓடாத வட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். மெக்னர் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல கோடே பழைய பெட்டி ஒன்றில் கிடந்த பிளாப்பிகளில்தான் 2012-ல் கிடைத்தது, விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார்கள்.

ஆசையாக எல்லாம் அமைத்துவிட்டு பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறேன். எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

அப்படி நினைக்காதீர்கள். அந்த கேம்கள் கையேட்டோடு வந்தவை, கதையும் கீபோர்டு சாவிகளின் விவரமும் அதில்தான் இருக்கும். ஜி.ஓ.ஜியில் வாங்கினால் பெரும்பாலும் பி.டி.எஃப்பாகச் சேர்ந்தே வரும், விளையாடுவதற்கு முன் படியுங்கள். அடுத்து, ஐம்பது கேம்களை ஒரே ஃபோல்டரில் அடுக்கிவைத்துத் தாவித் தாவிப் பார்க்காதீர்கள். அப்போது நம்மிடம் இரண்டு மூன்றுதான் இருந்தன, சலித்தாலும் அதையேதான் போட்டோம், அதனால்தான் ஒவ்வொரு கதவும் பொறியும் மனதில் பதிந்தன. ஒன்றை மட்டும் எடுங்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்கிற வசதியையும் முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு 60 நிமிடம்தான் கெடு, அந்தக் கெடு இல்லாவிட்டால் அங்கே பயமும் இல்லை.

எட்டு வயது மகளுக்கு முதலில் எதைக் காட்டலாம் அண்ணா?

தி இன்கிரெடிபிள் மெஷின், 1993. பந்து, கயிறு, பலூன், பூனை என்று கொடுத்துவிட்டு ஒரு சின்ன வேலையை முடிக்கச் சொல்லும், அவள் கட்டுகிற விசித்திரமான இயந்திரம் ஓடுகிறதா என்று அங்கேயே பார்க்கலாம். படிக்க வேண்டியது குறைவு, தோற்றால் மிரட்டாது. அப்புறம் கமாண்டர் கீன், 1990-ல் வந்த முதல் பாகம் ஷேர்வேர், அதாவது இலவசமாகப் பகிர விட்டது, என்பதால் செலவும் இல்லை. பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கீபோர்டை அவளிடமே விட்டுவிடுங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.