அலுவலக இரைச்சலும் ஆட்டிசமும்: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ராஜீவ் காந்தி சாலையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அக்கா மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது மருத்துவர் கேட்ட கேள்விகள் பலவும் எனக்கே பொருந்தின. நானும் பரிசோதித்துக்கொண்டேன், சென்ற ஆண்டு எனக்கும் ஆட்டிசம் என்று உறுதியானது. தடுப்பே இல்லாத பெரிய கூடத்தில் அறுபது பேர் உட்காருகிறோம். தொலைபேசி மணி, பிரின்ட்டர், பக்கத்து இருக்கையின் சென்ட், மைக்ரோவேவில் சூடாகும் மீன் குழம்பு, தலைக்கு மேல் டியூப் லைட் எல்லாம் சேர்ந்து மாலை நான்கு மணிக்குள் என்னை ஓய்த்துவிடுகின்றன. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு நின்றுகொள்கிறேன். ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடுகிறது. "ஊர் உலகத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லையா? பழகிக்கொள்" என்கிறார் அம்மா. பழகிவிடுமா? அலுவலகத்தில் சொல்லலாமா? வேலையையே விட்டுவிடட்டுமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே ஓசை திரும்பத் திரும்பக் கேட்கும்போது பெரும்பாலோரின் மூளை சற்று நேரத்தில் அதைப் புறந்தள்ளிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படித் தள்ளுவது எளிதில் நடப்பதில்லை என்பதால், காலை பத்து மணிக்குக் கேட்ட பிரின்ட்டர் மாலை நான்கு மணிக்கும் புதிதாகவே கேட்கிறது. ஓசை, ஒளி, வாசனை போன்றவற்றைப் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் நோயறிதல் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஆகவே இதை மன உறுதிக் குறைவு என்று யார் சொன்னாலும், அம்மாவே சொன்னாலும், ஏற்க வேண்டியதில்லை.

பதற்றம் இதனுடன் பின்னிக் கிடக்கிறது. பதறிய உடல் எப்போதும் உஷாராக இருக்கும்; உஷாராக இருக்கும் உடலுக்கு எல்லா ஓசையும் இன்னும் உரக்கக் கேட்கும்; அது பதற்றத்தை மேலும் ஏற்றும். ஞாயிறு மாலையே வயிறு பிசைகிறதென்றால், திங்கட்கிழமை நீங்கள் கூடத்துக்குள் நுழையும்போதே தெம்பின் கையிருப்பில் பாதி செலவாகியிருக்கிறது. வழியில் மெட்ரோ பணிகளுக்காகத் தோண்டிய சாலையும், ஷேர் ஆட்டோவின் ஹாரனும், நசநசவென்ற புழுக்கமும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும். கணக்குப் பார்ப்பவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மாலையில் பற்றாக்குறையைச் சமாளிப்பதைவிடக் காலையிலேயே செலவைக் குறைப்பதுதான் எளிது.

எனவே முதல் வேலையாக, இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எந்த ஓசை, எந்த வாசனை, எந்த ஒளி, அப்போது உடல் என்ன செய்தது என்று ஒற்றை வரியில் எழுதுங்கள். கடிதத்தில் ஐந்து தொல்லைகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். அனேகமாக அவற்றுள் ஒன்றிரண்டுதான் உங்களைக் கவிழ்க்கின்றன, மற்றவை மேல்சுமை. பசியும் தாகமும் சிறுநீர் முட்டுவதும்கூட ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாமதமாகவே தெரியவரும் என்பதால், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான்கு மணிச் சோர்வுக்கு, மீன் குழம்பு வாடைக்குப் பயந்து தவறவிட்ட மதிய உணவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

காதுக்கான கருவிகளை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்ஃபோன் ஏசியின் உறுமலையும் ஜெனரேட்டரின் முழக்கத்தையும் நன்றாக விழுங்கும். ஆனால் பேச்சுக் குரலையும் திடீரென்று அலறும் மணியையும் அந்த அளவுக்கு விழுங்காது. உங்கள் தொல்லை அந்த இரண்டாம் வகை என்றால், மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் கூடுதலாக உதவலாம். எதையும் நாள் முழுவதும் அணிய வேண்டாம்; இடைவிடாத அமைதிக்குப் பழகிய காது பிறகு சிறு ஓசைக்கும் கூசும். டியூப் லைட்டைப் பொறுத்தவரை, பழைய சோக் உள்ள குழல்விளக்கு நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. பலர் அதை உணர்வதில்லை. சிலருக்குத் தலைவலியே வருகிறது. உங்கள் இருக்கைக்கு மேலுள்ள ஒரு குழலைக் கழற்றச் சொல்வது பெரிய கோரிக்கையே இல்லை.

கழிப்பறையில் ஒதுங்குவதற்காக வெட்கப்படாதீர்கள். ஒதுங்க வேண்டும் என்ற உங்கள் உணர்வு சரியானதே. இடமும் நேரமும்தான் பொருத்தமாக இல்லை. பாச்சை உருண்டை நெடியும், கை உலர்த்தும் இயந்திரத்தின் அலறலும் உள்ள இடம் எப்படி இளைப்பாறும் இடமாகும்? மாடிப்படியோ, வாகன நிறுத்தத்தின் நிழலான மூலையோ பாருங்கள். தாங்க முடியாமல் போன பிறகு ஓடாமல், பதினொன்றரைக்கும் மூன்று மணிக்கும், நன்றாக இருக்கும்போதே, பத்து நிமிடம் போய்வாருங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒத்துவராது. உடலுக்குள் நிகழ்வதைக் கவனிக்கும்போது பதற்றம் கூடுபவர்களும் உண்டு. அப்படியானால், உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி அழுத்துவது, படியேறி இறங்குவது போன்றவற்றைச் செய்து பாருங்கள்.

அடுத்து, அலுவலகத்தில் சொல்வதா என்ற கேள்வி. ஆட்டிசம் என்ற சொல்லை முதலில் வைத்தால், கேட்பவர் தமக்குத் தெரிந்த ஒரு சிறுவனை நினைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆகவே கோரிக்கையை முதலில் வையுங்கள். "பிரின்ட்டர் அருகிலுள்ள இருக்கையில் கவனம் சிதறுகிறது. சுவரோர இருக்கையை ஒரு மாதம் தந்து பாருங்கள், மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி படிவங்கள் தாக்கல் செய்யும் நாட்கள் என்பதால், அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியுங்கள்" என்று மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒத்திப்போடுவார்கள். இடமும் காலவரையறையும் சொல்லிக் கேட்டதை மறுப்பது கொஞ்சம் கடினம்.

மறுத்தால் மட்டும் மனிதவளப் பிரிவிடம் நோயறிக்கையுடன் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. வேலையிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்துதரும் கடமையை அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள்மீது நேரடியாகச் சுமத்துகிறது. தனியார் நிறுவனம் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் உங்கள் நிறுவனத்தில் அந்தக் கொள்கையில் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கான தொடர்பு அலுவலர் ஒருவரின் நியமனமும் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையைக் காட்டும்படி கேட்பதே பல சமயம் பேச்சின் தொனியை மாற்றிவிடும். சட்டத்தை முதல் நாளே மேசையில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

அம்மாவுக்கு ஆட்டிசத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதைவிட, வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அதுவரை சீரியலின் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற ஒரே வேண்டுகோளை வையுங்கள். ஒரு வாரத்தில் இரவுச் சாப்பாட்டின்போது நீங்கள் பேசுவதைப் பார்த்து அவருக்கே வித்தியாசம் தெரியும்.

உறக்கம் தொடர்ந்து கெட்டாலோ, மூச்சடைப்பதுபோன்ற பீதி வந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆட்டிசம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவைத் தீர்மானிக்க அது அவருக்குத் தேவைப்படும். புலன் சார்ந்த சிக்கல்களுக்கு, அன்றாட வேலைகளைச் சிரமமின்றிச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றும் நொடியில் காத்திருக்காமல் டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம்.

ராஜினாமாவைப் பற்றி ஜிஎஸ்டி வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். மேலே சொன்ன மாற்றங்களைக் கேட்டுப் பெற்று மூன்று மாதங்கள் பாருங்கள். அதன் பிறகும் நிறுவனம் அசையவில்லை என்றால் வேறு வேலை தேடுவதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் கையில் அடுத்த வேலை வந்த பிறகு விடுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், நீங்கள் உட்காரப்போகும் கூடத்தை வேலை நேரத்தில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.