ஓடிக்கொண்டே மந்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் மேஜ், அதாவது மந்திரவாதிப் பாத்திரம், ஆடுகிறேன். நின்ற இடத்தில் நின்று அடிக்கும்போது எந்தக் குறையும் இல்லை. நகர வேண்டிய கட்டம் வந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. ஓடினால் மந்திரம் அறுந்துபோகிறது. மந்திரத்தைக் கவனித்தால் காலடியில் எரியும் நெருப்பு கண்ணில் படுவதில்லை. ஏ, டி கீக்களால் திரும்புகிறேன், மந்திரங்களைப் பெரும்பாலும் மவுஸால் க்ளிக் செய்கிறேன். நிறைய பட்டன் உள்ள மவுஸ் வாங்கினால் சரியாகுமா? அல்லது இது கைவேகம் உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்ப்பதா?

கே.

அன்புள்ள கே.,

கைவேகத்துக்கு இதில் சின்னப் பங்குதான். ஒரு மந்திரத்தைத் தொடங்கினால் அடுத்ததற்கு அடிப்படையில் 1.5 விநாடி காத்திருக்க வேண்டும். குளோபல் கூல்டவுன் என்கிறோமே, அதுதான். ஹேஸ்ட் என்னும் பாத்திரத்தின் வேகப் பண்பு கூடக்கூட அது குறையும் என்றாலும், அந்த இடைவெளியில் ஒரு கீயை அழுத்த யாருடைய விரலாலும் முடியும். உங்கள் மவுஸ், திரையின் பட்டியில் உள்ள மந்திரப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரும்புகிற வேலையை யார் செய்வது? அங்கேதான் சிக்கல்.

திரும்புவதிலிருந்து தொடங்குங்கள். கீயால் திரும்பினால் பாத்திரம் விநாடிக்கு 180 டிகிரிதான் சுழலும். முதுகுக்குப் பின்னால் நிற்பவனைப் பார்க்கவே முழு ஒரு விநாடி போய்விடும். மவுஸின் வலது பட்டனை அழுத்தியபடி இழுத்தால் அதே திருப்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். இடது பட்டன் கேமராவை மட்டும்தான் சுழற்றும், பாத்திரம் திரும்பாது. ஏ, டி இரண்டையும் பக்கவாட்டு நகர்வுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேலையைப் பார்த்துவந்த க்யூ, இ இரண்டும் மந்திரங்களுக்குக் கிடைக்கும். எஸ் கீயை நான் நகர்வுக்கு வைத்துக்கொள்வதே இல்லை. பின்னோக்கி நடந்தால் விநாடிக்கு 4.5 கெஜம், முன்னோக்கியோ பக்கவாட்டிலோ ஓடினால் 7 கெஜம். துரத்தி வருபவனிடமிருந்து பின்வாங்கி நடக்கும் மேஜ் தப்பிப்பதில்லை.

இனி மந்திரங்களை எந்தக் கீயில் வைப்பது என்பது. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் அதிகம் பயன்படும் மந்திரத்தை 1-இலும் அடுத்ததை 2-இலும் வைத்து அதோடு விட்டுவிடுகிறார்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இதை ஓடும்போது போட முடியுமா? ஃப்ராஸ்ட்போல்ட் போன்றவற்றை நின்றுதான் போட வேண்டும். நிற்கும்போது நகர்வு விரல்கள் மூன்றும் சும்மாதானே இருக்கின்றன? அதனால் அவை எந்தக் கீயில் இருந்தாலும் பரவாயில்லை. ஐஸ் லான்ஸ், ஃப்ராஸ்ட் நோவா, ப்ளிங்க் போன்ற உடனடி மந்திரங்களுக்குத்தான் நல்ல இடம் தர வேண்டும். வலப்பக்கம் நகரும்போது ஆள்காட்டி விரல் டி கீயில் மாட்டிக்கொள்ளும், அப்போது ஆர், எஃப் இரண்டும் உங்களுக்கு இல்லை. இடப்பக்கம் நகரும்போது மோதிர விரல் ஏ கீயில் இருக்கும், க்யூ போய்விடும். எந்தப் பக்கம் ஓடினாலும் ஓய்வாக இருப்பது வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். ஆகவே மவுஸின் பக்கவாட்டுப் பட்டன்கள் ஐஸ் லான்ஸுக்கும் ப்ளிங்குக்கும். உங்கள் மவுஸ் கேள்விக்கும் இதுவே பதில். பக்கவாட்டில் இரண்டு பட்டன் இருந்தால் போதும், ஷிஃப்டோடு சேர்த்தால் நான்காகிவிடும்.

இப்படி அமைத்த பிறகு ஆட்டமே வேறு மாதிரி தெரியும். ஐஸ் லான்ஸ் விட்ட கணமே நகரத் தொடங்குங்கள். அடுத்த மந்திரம் தயாராகும் 1.5 விநாடிக்குள் 10 கெஜம் கடந்துவிடலாம், ஒரு தாக்குதலையும் இழக்காமல். நெருப்பு வட்டத்திலிருந்து வெளியேற அது பெரும்பாலும் போதும். உடனடி மந்திரங்களை நிற்கும்போதே செலவழித்துவிட்டு, ஓட வேண்டிய நேரத்தில் வெறுங்கையோடு ஓடுவதுதான் உண்மையான இழப்பு. நெருப்பு வகையான ஃபயர் மேஜ் ஆடினால் ஸ்கார்ச் மந்திரத்தை ஓடிக்கொண்டே போடலாம், கொஞ்சம் எளிது.

நீண்ட மந்திரத்தின் கடைசிக் கணத்தில் பதறிக் காலை எடுக்காதீர்கள். அடுத்த மந்திரத்தின் கீயை மட்டும் முன்கூட்டியே அழுத்தலாம்: இயல்பான அமைப்பில் கடைசி 400 மில்லி விநாடிக்குள் அழுத்தினால் ஆட்டம் அதை வரிசையில் எடுத்துக்கொள்ளும். ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இன்னொரு ஆட்டத்தில் கடைசி அரை விநாடியளவில் நகர்ந்தாலும் மந்திரம் முடிந்துவிடும். அங்கிருந்து வருபவர்கள் அதே பழக்கத்தில் இங்கேயும் சீக்கிரம் நகர்ந்து மந்திரத்தை இழக்கிறார்கள்.

துரத்தப்படும்போது இன்னொன்று தேவைப்படும். ஐஸ் லான்ஸ் போல எதிரியைக் குறிவைக்கும் உடனடி மந்திரத்துக்கும் எதிரி உங்கள் முகத்துக்கு நேரே இருந்தாக வேண்டும். ஓடிக்கொண்டே குதியுங்கள். காற்றில் இருக்கும்போது மவுஸால் திரும்பி ஐஸ் லான்ஸ் விடுங்கள், தரையைத் தொடுவதற்குள் பழைய திசைக்கே திரும்பிவிடுங்கள். காற்றில் திரும்பினாலும் உடல் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகும், வேகம் குறையாது. பயிற்சிப் பொம்மையை வைத்துப் பழகலாம். முதலில் மந்திரமே இல்லாமல், பொம்மையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அதைச் சுற்றி வாருங்கள். அது யோசிக்காமல் வந்ததும் ஐஸ் லான்ஸைச் சேருங்கள், குதித்துத் திரும்புவதைக் கடைசியில்.

ப்ளிசார்ட் போல தரையில் இடும் மந்திரங்களுக்கு, மவுஸ் முனை நிற்கும் இடத்திலேயே நேரடியாக விழும்படி ஒரு மேக்ரோ (ஆட்டத்துக்குள் எழுதும் சிறு கட்டளைத் தொகுப்பு) எழுதிக்கொள்ளுங்கள், ஒரு க்ளிக் மிச்சமாகும். வலது பட்டனை அழுத்தியிருக்கும்போது முனை மறைந்துவிடும் என்பதால் ஒரு கணம் விரலை எடுக்கப் பழக வேண்டும். எதிரியின் மந்திரத்தை இடையில் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கும் மேக்ரோ அவசியம். நீங்களே ஒரு மந்திரத்தின் நடுவில் இருந்தால் அது வேலை செய்யாது, முதலில் அதை நிறுத்தும் கட்டளையை மேக்ரோவில் சேர்த்துவிடுங்கள்.

மற்ற ஆட்டக்காரர்களோடு மோதும்போது, நகர்ந்தால் மந்திரம் அறுந்துபோகிறதே என்று நீங்கள் வருந்தியதே கைகொடுக்கும். ஃப்ராஸ்ட்போல்ட்டைத் தொடங்கிவிட்டு ஒரு சிறு அடி பக்கவாட்டில் வையுங்கள். அதைத் தடுக்க நினைத்தவன் தன் தடுப்பை வீணாக்கியிருப்பான். அது அவனுக்கு மறுபடி தயாராகும்வரை நீங்கள் நின்று நிதானமாக அடிக்கலாம்.