கேள்வி–பதில்: கிளெப் தேர்வில் 50 என்றால் பாதி மதிப்பெண்ணா?

அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்பில் அமராமல் தேர்வெழுதியே பாடத்துக்கான கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பெறும் வழியான கிளெப் (CLEP) தேர்வுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் வரும் ஆகஸ்டில் கல்லூரியில் சேரவிருக்கிறான். கிளெப் தேர்வுகளை எழுதிவிட்டால் முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றைப் படிக்கத் தேவையில்லை என்றும், பெரும் பணம் மிச்சமாகும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? எங்கிருந்து தொடங்க வேண்டும்? (ஒரு வாசகி, டெக்சஸ்)

பதில்: நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் மகன் சேரவிருக்கும் கல்லூரி ஒப்புக்கொண்டால் மட்டுமே அது உண்மை. கிளெப் என்பது காலேஜ் போர்டு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் திட்டம். இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல், கணிதம், அறிவியல், வணிகம், அயல்மொழிகள் என முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் தேர்வுகள் உள்ளன. பெரும்பாலானவை 90 நிமிடங்களில் கணினியில் எழுதப்படுபவை. ஒரு தேர்வுக்கான கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கக்கூடும். மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்குக் கல்லூரி வசூலிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை இணையவழிப் பாடங்களை இலவசமாக வழங்குவதோடு, அவற்றை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் தருகிறது என்பதை ஏனோ பலரும் அறியாமல் இருக்கிறார்கள்.

தொடங்க வேண்டிய இடம் பாடப்புத்தகம் அல்ல, கல்லூரியின் இணையதளம். சுமார் 2,900 கல்லூரிகள் கிளெப் மதிப்பெண்ணை ஏற்கின்றன என்றாலும், எந்தத் தேர்வை, எந்த மதிப்பெண்ணுக்கு, எத்தனை கிரெடிட்டாக ஏற்பது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. ஐவி லீக் போன்ற கடும் போட்டியுள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்பதே இல்லை. ஏற்கும் இடங்களிலும் பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தேர்வில் கிடைத்த கிரெடிட் குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு ஈடாகப் பதியப்படுகிறதா, அல்லது பொதுவான விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் சேர்க்கப்படுகிறதா என்பதே அது. இரண்டாவது வகையானால், பட்டத்துக்குக் கட்டாயமான பாடத்தை மாணவன் மறுபடியும் வகுப்பில் படித்தே ஆக வேண்டியிருக்கும். ஆறு கிரெடிட் கிடைத்தும் ஒரு செமஸ்டர்கூடக் குறையாமல் போகலாம். தேர்வின் மூலம் பெறும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு, கடைசி ஆண்டில் அத்தகைய கிரெடிட்டுக்குத் தடை, அதே துறையில் உயர்நிலைப் பாடத்தை ஏற்கெனவே முடித்திருந்தால் அடிப்படைப் பாடத்துக்குக் கிரெடிட் மறுப்பு போன்ற விதிகளும் உண்டு. ஆகவே பதிவாளர் அலுவலகத்துக்கோ கல்வி ஆலோசகருக்கோ மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: கல்லூரி இயற்கணிதத்துக்கான மாதிரித் தேர்வில் 60 கேள்விகளில் 33க்குச் சரியாக விடையளித்தேன். அதாவது 55 சதவீதம். தேர்ச்சி மதிப்பெண் 50 என்கிறார்கள். அப்படியானால் நான் தேறிவிட்டேனா? தெரியாத கேள்விகளை விட்டுவிடுவது நல்லதா? (ஒரு மாணவர், நியூ ஜெர்சி)

பதில்: அந்த 55க்கும் இந்த 50க்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. தவறான விடைக்கோ விட்டுவிட்ட கேள்விக்கோ எதுவும் கழிக்கப்படுவதில்லை. எனவே தெரியாத கேள்வியை வெறுமையாக விடுவதால் யாருக்கும் லாபமில்லை. பொருந்தாத விடைகளை நீக்கிவிட்டு மிஞ்சியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. கேள்விகளில் சில, வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவை உங்கள் மதிப்பெண்ணில் சேராது, ஆனால் எவை அவை என்று உங்களால் கண்டறிய முடியாது. இவ்வாறு சேர்ந்த புள்ளிகள் பின்னர் 20 முதல் 80 வரையிலான ஓர் அளவுகோலுக்கு மாற்றப்படுகின்றன. ஒரே பாடத்துக்குப் பல வினாத்தொகுப்புகள் புழக்கத்தில் இருப்பதும், அவற்றில் ஒன்று மற்றொன்றைவிடச் சற்றுக் கடினமாக அமைந்துவிடக்கூடும் என்பதும் இந்த மாற்றத்துக்குக் காரணம். கடினமான தொகுப்பு கிடைத்தவர் சில விடைகள் குறைவாக எழுதியிருந்தாலும், எளிய தொகுப்பை எழுதியவருக்குக் கிடைக்கும் அதே அளவுகோல் மதிப்பெண்ணைப் பெறும்படி கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் 50 என்பது என்ன? அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தும் பேராசிரியர்கள் கூடி, வகுப்பில் படித்து 'சி' தரம் பெறும் மாணவர் இந்தத் தேர்வில் எவ்வளவு செய்வார் என்று மதிப்பிட்டு வகுத்த எல்லை அது. அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் அமைப்பு கிரெடிட் வழங்குவதற்குப் பரிந்துரைக்கும் மதிப்பெண்ணும் 50தான். அது சதவீதமும் அல்ல, மற்றவர்களோடு ஒப்பிட்ட தரவரிசையும் அல்ல. ஒரு பாடத்தில் 50 பெறத் தேவையான சரியான விடைகளின் விகிதம் இன்னொரு பாடத்துக்குப் பொருந்தாது. எனவே 33 விடைகளைக் கொண்டு நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. அந்த நிலையில் நின்றுவிடாமல் இன்னும் சில வாரங்கள் படியுங்கள் என்பேன். உங்கள் கல்லூரி 50க்கு மேல் கேட்கிறதா என்பதையும் பாருங்கள். சில கல்லூரிகள் கேட்கின்றன.

அயல்மொழித் தேர்வுகளில் மட்டும் மதிப்பெண் கூடினால் கிரெடிட்டும் கூடும். ஸ்பானிஷ் மொழித் தேர்வில் 50 பெற்றால் முதல் நிலை, 63 பெற்றால் இரண்டாம் நிலை என்று பரிந்துரை உள்ளது. பிரெஞ்சுக்கு அந்த இரண்டாம் எல்லை 59, ஜெர்மனுக்கு 60. மற்றப் பாடங்களில் கல்லூரி கேட்கும் எல்லையைக் கடந்த பின் 70 வாங்கினாலும் 52 வாங்கினாலும் பொதுவாக ஒரே பலன்தான். மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி என்ற குறிப்போடு கிரெடிட் மட்டுமே பதியப்படும் என்பதால், பெரும்பாலான கல்லூரிகளில் சராசரித் தரப்புள்ளி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

கேள்வி: வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கிறேன். ஒரு பாடத்துக்கு எப்படித் தயாராவது? (ஒரு வாசகர், இல்லினாய்)

பதில்: ஒவ்வொரு தேர்வுக்கும் காலேஜ் போர்டு வெளியிடும் பாடத்திட்டத்தில் எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். அதை முதலில் அச்சிட்டு எதிரில் ஒட்டி வையுங்கள். அடுத்து, எதையும் படிப்பதற்கு முன்பே ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். வேலை அனுபவத்தால் மேலாண்மையோ கணக்கியலோ பாதி தெரிந்தவராக நீங்கள் இருக்கலாம். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதில் மாலை நேரங்கள் கரைந்துபோவதை அது தடுக்கும். பிறகு அந்தப் பாடத்துக்கான முதலாண்டுப் பாடநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிகச் சதவீதம் உள்ள, ஆனால் உங்களுக்குப் பலவீனமான பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வினாத்தொகுப்புகள் பலவற்றை நான் நம்புவதில்லை. காலேஜ் போர்டின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் உள்ள மாதிரிக் கேள்விகளே உண்மைத் தேர்வின் நடைக்கு நெருக்கமானவை.

தேர்வுக்குத் தேர்வு வேகம் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். அமெரிக்க வரலாற்றின் முதல் பகுதித் தேர்வில் 90 நிமிடங்களில் 120 கேள்விகள். ஒன்றுக்கு 45 விநாடிதான். அங்கே ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். கால்குலஸ் தேர்வில் அதே 90 நிமிடங்களுக்கு 44 கேள்விகள்தான். ஆனால் முதல் பகுதியில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை, இரண்டாம் பகுதியில் திரையிலேயே வரைபடக் கால்குலேட்டர் தரப்படும். அதை முன்கூட்டியே பழகிக்கொள்ளாதவர்கள் பொத்தான்களைத் தேடியே நேரத்தை இழக்கிறார்கள்.

ஆங்கிலக் கட்டுரைத் தேர்வை எழுத எண்ணினால், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள் 50 தவிர, 70 நிமிடங்களில் இரண்டு கட்டுரைகளும் எழுத வேண்டும். அவற்றைக் கல்லூரி ஆசிரியர்கள் படித்து மதிப்பிடுவதால், மற்றத் தேர்வுகளைப் போல முடிவு அன்றே திரையில் தெரியாது. சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்கும்போது இதை எழுதுவது புத்திசாலித்தனம் அல்ல.

கேள்வி: உளவியல் தேர்வில் 47 தான் வந்தது. உடனே மறுபடி எழுதலாமா? இந்தத் தோல்வி கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா? (ஒரு மாணவி, கலிபோர்னியா)

பதில்: அதே பாடத் தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் எழுதினால் மதிப்பெண் ரத்தாகும், கட்டணமும் திரும்பாது. வேறு பாடத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. மதிப்பெண்ணைப் பெற வேண்டிய கல்லூரியாக எதையும் நீங்கள் குறிப்பிட்டிருக்காவிட்டால் அது யாருக்கும் தானாகப் போகாது. குறிப்பிட்டிருந்தாலும் கிரெடிட் கிடைக்கவில்லை என்பதைத் தவிரப் பெரிய விளைவு பொதுவாக இருக்காது. காலேஜ் போர்டு மதிப்பெண்களை 20 ஆண்டுகள் வைத்திருக்கும் என்பதால், தேறியவற்றைப் பின்னாளில் வேறு கல்லூரிக்கும் அனுப்பிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் காத்திருக்க முடியாதென்றால், கிளெப்பைப் போலவே தேர்வின் மூலம் கிரெடிட் பெற உதவும் டிஎஸ்எஸ்டி (DSST) தேர்வுகளை உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே அளவுகோல் 200 முதல் 500 வரை, தேர்ச்சிக்கு 400, மறுதேர்வுக்கு 30 நாள் இடைவெளி போதும். ஆனால் பாடப்பட்டியல் வேறு. நீங்கள் தவறவிட்ட பாடத்துக்கு ஈடான தேர்வு அதில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: எஃப்-1 விசாவில் இளநிலைப் பட்டம் படிக்கிறேன். ஒரு செமஸ்டரில் 9 கிரெடிட்டை வகுப்பிலும், 3 கிரெடிட்டைக் கிளெப் மூலமும் பெற்றால் முழுநேர மாணவராகக் கருதப்படுவேனா? (ஒரு மாணவர், ஒஹையோ)

பதில்: மாட்டீர்கள். முழுநேரத்துக்குரிய 12 கிரெடிட் என்பது அந்த செமஸ்டரில் நீங்கள் பதிவு செய்து படிக்கும் பாடங்களின் கணக்கு. தேர்வால் பெறும் கிரெடிட் பட்டத்துக்கான மொத்தத்தில் சேருமே தவிர இதில் சேராது. ஏதேனும் ஒரு பாடத்தைக் கைவிட நினைத்தால், கைவிடும் முன்பே கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திடம் பேசிவிடுங்கள்.