மகளுக்குக் குளிர்கடல் பிடித்துவிட்டது: ஸ்காபரோவில் இருந்து ஒரு தாயின் கேள்வி

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "போன வருஷம் வரைக்கும் பார்மசி என்றவள், இப்போது வன்கூவர் தீவில் மீன் காட்சியகத்தில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். தொட்டி கழுவுகிற வேலைக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோபத்துக்குள் இருக்கிற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை கேட்பது என்ன வேலை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கனடாவின் பசிபிக் பக்கத்தில் உள்ள வன்கூவர் தீவின் மேற்குக் கரையில் யுக்லூலெட் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள காட்சியகம் 2004இல் ஒரு சிறு கட்டடத்தில் தொடங்கி, 2012இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. வசந்த காலத்தில் பக்கத்துக் கடலில் இருந்து உயிர்களைப் பிடித்து வருவார்கள். பருவம் முடியும்போது எல்லாவற்றையும் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

நான் அங்கே போயிருந்த நாளில், தொட்டுப் பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் கையை நீட்டினான். "முதலில் கையை நனை. இப்போது ஒரு விரலால், மெதுவாக" என்றாள். காய்ந்த கை பட்டால் அந்த உயிர்களின் வழுவழுப்பான மேற்படலம் குலைந்துவிடும். அவன் தொட்டது ஒரு கடலட்டை. யாழ்ப்பாணத்துக் கரையில் நாம் பார்த்ததைப் போல இல்லை. செந்நிறம், முழங்கை நீளம், உடம்பெல்லாம் முள் போல மொட்டுகள், தொட்டால் மெத்தென்று இருக்கும். "கடலடியில் விழுகிற கழிவையெல்லாம் தின்று துப்புரவாக்குவது இதுதான்" என்றாள். பையன் உடனே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான். நான் அவளுடைய கையைத்தான் பார்த்தேன். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. அந்தத் தண்ணீர் 10 பாகை செல்சியஸ் அளவுதான் இருக்கும்.

உங்கள் மகள் கேட்பது இந்த வேலையைத்தான். தொட்டி கழுவுவதும் அதில் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் முக்கியமான வேலை, சனத்தின் மனதில் இருக்கிற ஒரு தவறான எண்ணத்தை மாற்றுவது. நீலமாய்த் தெளிந்த வெப்பக் கடலில்தான் உயிர்கள் நிறைந்திருக்கும், குளிர்கடல் வெறும் இருட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் கரையில் நடப்பது வேறு. குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும். காற்று மேல்நீரைத் தள்ளத் தள்ள, ஆழத்தில் இருந்து சத்துள்ள நீர் மேலே வரும். கடல் பச்சையாய்க் கலங்கித் தெரிவது நுண்ணுயிர்கள் அவ்வளவு நிறைந்திருப்பதால். அந்த வளத்தில்தான் கெல்ப் பாசி காடாக வளர்கிறது. ஒக்ரோபஸ் இனத்திலேயே பெரியது அங்கேதான் வாழ்கிறது. தாய் ஒக்ரோபஸ் முட்டைகளைக் காத்துக்கொண்டு பல மாதம் இரை எடுக்காமல் கிடந்து, குஞ்சுகள் பொரித்ததும் செத்துப்போகும்.

இதையெல்லாம் சொல்ல ஆள் தேவைப்படுவதற்கு ஒரு துயரமான காரணமும் இருக்கிறது. 2013இல் தொடங்கி அந்தக் கரை நெடுகக் கடல் நட்சத்திரங்கள் கரைந்து உருக்குலைந்து செத்தன. இருபதுக்கு மேல் கைகள் வரக்கூடிய சூரியகாந்தி நட்சத்திரம் மட்டும் 500 கோடிக்கு மேல் அழிந்ததாக மதிப்பிடுகிறார்கள். அது தின்று கட்டுப்படுத்தி வந்த கடல் முள்ளெலிகள் பெருகி, பல இடங்களில் கெல்ப் காட்டை மொட்டையாக்கிவிட்டன. நோய்க்குக் காரணம் விப்ரியோ வகைப் பக்டீரியா என்று 2025இல்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கு அடியில் இவ்வளவு நடந்தும் கரையில் நின்ற பெரும்பாலானோருக்கு ஒன்றும் தெரியவில்லை. காட்டில் இத்தனை மரம் செத்திருந்தால் நாடே பேசியிருக்கும். இந்த இடைவெளியில் நின்று பேசுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, சோற்றுக்கு வழி? இங்கே நான் உங்கள் பக்கம். இந்தத் துறையில் முதல் சில வருஷங்கள் பெரும்பாலும் பருவகால ஒப்பந்தம்தான். கோடையில் ஓய்வில்லை, குளிர்காலத்தில் வேலை இல்லை. பார்மசிச் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது. அதை மகளும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் மற்றக் கதவுகளைச் சாத்தாமலே இந்த வழியில் போகலாம். 12ஆம் வகுப்பில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடக்கூடாது. அவற்றை வைத்திருந்தால் மருத்துவம் சார்ந்த படிப்புக்கும் திரும்பலாம். பட்டத்துக்கு விக்ரோரியா பல்கலைக்கழக உயிரியல், அல்லது நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகம். விக்ரோரியாவில் படித்தால், ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பாம்ஃபீல்ட் கடலியல் நிலையத்தில் கோடைப் பாடங்கள் எடுக்கலாம். படிப்போடு சம்பளத்துடன் வேலை பழகும் கோஆப் முறையை விடவே வேண்டாம். அப்புறம் கல்வியியல் பட்டம். அது கையில் இருந்தால் காட்சியகத்தில் வேலை இல்லாத வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கலாம். என் அபிப்பிராயத்தில் உங்கள் பயத்துக்கு மருந்து இதுதான். பிரெஞ்சையும் கைவிடாமல் இருந்தால் தேசியப் பூங்கா வேலைகளுக்கு உதவும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஒன்ராறியோவில் பள்ளி முடிக்க 40 மணிநேரச் சமூகசேவை எப்படியும் தேவைதானே? ரொறொன்ரோ ரிப்ளீஸ் காட்சியகத்தில் தொண்டராகச் சேர வயது வரம்பு என்ன என்று மகளையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை நீங்கள் இருவரும் அங்கே போய், கனடியக் கடல்களுக்கென்று இருக்கும் பகுதியில் நில்லுங்கள். பிடித்த ஓர் உயிரைப் பற்றி ஐந்து நிமிடம் உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இடையில் நீங்கள் பேச வேண்டாம். அவள் திணறுகிறாளா, அல்லது நீங்களே அடுத்த கேள்வி கேட்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், மற்றதை அதற்குப் பிறகு பேசுவோம்.