வாசகர் கேள்வி பதில்: இராமநாதபுரக் கடலோரம்

கேள்வி: கடல் சூழ்ந்த எங்கள் மாவட்டம் வறட்சிக்குப் பேர் போனது ஏன்? எல்லாவற்றுக்கும் சீமைக்கருவேலமே காரணம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், திருப்புல்லாணி

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டே இங்கு வந்து சேர்வதால், ஆண்டு மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தர வேண்டியிருக்கிறது. அந்த மூன்று மாத நீரைத் தேக்கி ஆண்டு முழுவதையும் ஓட்டுவதற்காகவே முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டினார்கள். வைகையும்கூட இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிய பிறகு, மிஞ்சிய நீரைத்தான் ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே கடலுக்கு அனுப்புகிறது. ஆனால் நிலம் தட்டையானது என்பதால் கண்மாய்களுக்கு ஆழம் குறைவு; 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று புகழப்பட்ட இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் போன்ற பரந்த நீர்ப்பரப்பில் வண்டல் சேரச் சேரக் கொள்ளளவு குறைகிறது, வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

சீமைக்கருவேலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று என்பதே என் கருத்து. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்து, மராமத்து நின்று, காய்ந்து கிடந்த கண்மாய்க்குள்தான் அது குடியேறியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கு உண்டு. மரத்தை அகற்றிவிட்டு வரத்துக்காலைச் சீர்செய்யாமல் விட்டால், அடுத்த மழையிலும் கண்மாய் நிறையாது.

குடிநீரின் கதை வேறு. கரையோர மணலில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே நீர் கொண்டுவர வேண்டிய நிலை அதனால்தான்.

கேள்வி: இவ்வளவு வறட்சியில் தொழில் ஏதும் வளருமா?
– ஒரு வாசகி, முதுகுளத்தூர்

பதில்: வெயிலையே மூலதனமாகக் கொண்ட தொழில்கள் வளர்ந்திருக்கின்றன. வாலிநோக்கத்தில் அரசு உப்பளம் இருக்கிறது, கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. உங்கள் பக்கத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகள் மூழ்குவது உண்மையா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: உண்மைதான். 21 தீவுகளில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறையைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தது இதற்கு முக்கியக் காரணம். அலையின் வேகத்தைத் தடுத்துவந்த பாறை போனதும் தீவின் மணல் அரிக்கப்பட்டது. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் கல் எடுப்பது உடனே நின்றுவிடவில்லை. வெட்டு ஓய்ந்த பின்னும் ஆபத்து விலகவில்லை: 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததையும் ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பாசி வளர்ப்பில் பல மீனவக் குடும்பங்கள் வாழ்வதால் அதை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பவளத்திட்டுகளுக்கு எட்டாத இடத்தில், நாட்டுப் பாசி வகைகளைக் கொண்டு அதைச் செய்யலாம்.